நூற்றுப் பதினான்காம் எண் நாற்காலி

முத்திரையம்மாவுக்கு மனித குலத்தின்மேல் பெரிய மரியாதை கிடையாது. பொது நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் மேசையில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்தவளுக்கு அது எங்கிருந்து வரும்? படிக்கிறவன் எதையெல்லாம் பக்க அடையாளமாக வைப்பான் என்று அவளுக்குத் தெரியும். சீப்பு வந்திருக்கிறது. மருந்துச் சீட்டு வந்திருக்கிறது. மருந்தே வந்திருக்கிறது. உடல்நலப் புத்தகம் ஒன்றுக்குள் பாதி பொரித்த முட்டை வந்திருக்கிறது. மாப்பிள்ளை பெயரை மட்டும் அடித்துவிட்டு மேலே வேறு பெயர் எழுதிய கல்யாணப் பத்திரிகைகூட ஒன்று வந்தது. நீட்டும்போது மட்டும் எல்லோரும் ஒரே வசனம்தான் சொல்வார்கள்: "பத்திரமா வெச்சிருந்தேங்க."

பதிலுக்கு அவள் தேதி முத்திரையை எடுத்துக் குத்துவாள். அவள் குத்தினால் தேதி முதல் பக்கத்தோடு நிற்காது, நாற்பதாம் பக்கம்வரை இறங்கும். அந்த நூலகத்து நாவல்களில் வரும் கதாநாயகிகள் பலர் நெற்றியில் பதினேழாம் தேதியோடுதான் காதலித்தார்கள்.

அந்த நூலகத்தில் பூட்டு உடைந்ததில்லை, கத்தி எடுத்தவர் இல்லை, குரலை உயர்த்தியவர்கூட இல்லை. இருந்தும் ஒருநாள் அதற்குப் பாதுகாப்பு வேண்டும் என்று முடிவானது. காரணம் இதுதான். நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர், தாம் படிப்பதுபோலப் படம் எடுத்துக்கொள்ள வந்தவர், செய்தித்தாள் அறையின் ஜன்னலோரம் நாற்காலியில் கிடந்த ஒரு பழைய கோட்டின்மேல் உட்கார்ந்தார். கோட்டுக்குள் ஒரு ஆள் இருந்தார். அந்த ஆள் கண்ணைத் திறந்து, மிகப் பணிவாக, "எந்த மாடிங்க?" என்று கேட்டார்.

உறுப்பினர் போட்ட கூச்சலில் அகராதி அலமாரியிலிருந்து மூன்று தொகுதிகள் தாமாகவே இறங்கித் தரையில் படுத்தன.

கோட்டுக்காரர் நாற்பது வருடம் ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டியவர். வேலை போன பிறகும் பித்தளைப் பொத்தான் வைத்த சீருடைக் கோட்டை அவர் கழற்றவில்லை. காலை ஒன்பதுக்கு வருவார், ஜன்னலோரம் உட்கார்வார், ஏதாவது ஒரு புத்தகத்தை மடியில் விரிப்பார், தூங்குவார். தூக்கத்தில் சுட்டுவிரல் காற்றில் பொத்தானை அழுத்தும். மாலை ஆறுக்கு எழுந்து போவார். மற்றபடி உலகத்துக்கு அவரால் ஒரு தொந்தரவும் கிடையாது.

அவர் ஏன் வருகிறார் என்று முத்திரையம்மாவுக்குத் தெரியும். அவர் சொல்லவில்லை. அவருடைய மருமகள் தன் விடுமுறை நாளில், அவர் கிளம்பிப்போன பிறகு வந்து சொன்னாள். மகன் கப்பலில் எங்கோ இருக்கிறான். மருமகள் ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி நர்ஸ். வீடு என்பது ஐந்து மாடிக் கட்டடத்தின் நான்காம் மாடியில் ஒரே ஒரு அறை. அவள் காலை எட்டுக்கு வந்து படுத்தால் மாலை ஐந்துக்குத்தான் எழுவாள்.

"மாமா இருமினா எனக்கு முழிப்பு வந்துரும்மா. பாவம், அதுக்காக வாயை மூடிட்டு உட்கார்ந்திருப்பாரு. நல்ல வேளை, லைப்ரரியில வேலை கிடைச்சிருச்சுன்னு சொன்னாரு. ஒழுங்கா வர்றாரா?"

முத்திரையம்மா கண்ணாடிக்கு மேலே அவளைப் பார்த்தாள். பொய் சொல்வது அவளுக்குப் பிடிக்காது. பொய் சொல்லும் அளவுக்கு மதிக்கத்தக்க ஆளை அவள் சந்தித்ததில்லை. "வர்றாரு. ஜன்னல் பக்கம் டியூட்டி. ஒருநாள்கூட லீவு போட்டதில்லை" என்றாள்.

அன்றிலிருந்து அந்த ஜன்னலோர இடம் போகக்கூடாது என்பது ஒரு கணக்காகிவிட்டது. இடம் போனால் பொய்யும் போகும். பொய் போனால் கிழவர் தெருவில் நடப்பார், மருமகள் தூக்கம் கெட்டு ஆஸ்பத்திரியில் யாருக்கோ மாற்றி ஊசி போடுவாள். எல்லாம் ஒரு நாற்காலியில் தொங்கிக்கொண்டிருந்தது.

நிர்வாகக் குழு ஒரு நிபுணரை நியமித்தது. நிபுணர் வந்து நின்றார். முத்திரையம்மா பார்த்தாள். அவளுடைய சொந்தத் தங்கையின் கணவர்.

இந்த மாப்பிள்ளை முதலில் பூட்டு விற்றார். அந்தப் பூட்டுகள் திறக்கத் தெரியாதவர்களையும் திருடர்களாக்கின. லேசாகத் தட்டினால் போதும். பிறகு தீயணைப்பான் விற்றார். அவரிடம் வாங்கிய கடை ஒன்று எரிந்தபோது முதலில் பற்றிக்கொண்டது தீயணைப்பான்தான். எரிந்த கடையைச் சுற்றி நின்ற கூட்டத்தில் தாமும் நின்று ஆலோசனை சொன்னார், அதிலிருந்து ஆலோசகரானார். புத்தகத்தோடு அவருக்கு இருந்த ஒரே உறவு, கல்யாண மேடையில் யாரோ கொடுத்த புத்தகத்தை ஆடும் கட்டில் காலுக்கு அடியில் வைத்தது.

கூட்டம் கூட்டி, வெள்ளைப் பலகையில் பெரிய வட்டம் ஒன்று போட்டார். நடுவில் 'சமூகம்' என்று எழுதினார். வட்டத்தைச் சுற்றி அம்புகளாக வரைந்தார்.

"உலகம் பூரா இப்ப இதான் பேச்சு. சமூகத்தை மையமா வெச்ச பாதுகாப்பு, நல்வாழ்வு. போலீஸ் இல்லை, கம்பி இல்லை. மக்கள்தான் நடுவுல."

"மாப்ள, நடுவுல இருக்கிற மக்கள் உள்ள வந்து உட்கார்ந்தா?" என்றாள் முத்திரையம்மா.

"அண்ணி, அதுதான் ஆபத்து."

தலைமை நூலகர் வேகமாகத் தலையாட்டினார். தலைமை நூலகர் நல்ல மனிதர். அவரைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லாததால் எல்லோரும் அப்படிச் சொல்வார்கள். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. அந்த இரண்டு வருடத்தையும் கையில் ததும்பத் ததும்ப எண்ணெய்க் கிண்ணம் ஏந்தியவர்போல நடந்து கடந்துகொண்டிருந்தார். மேலிடத்திலிருந்து காகிதம் வந்தால் உறையைப் பிரிக்கும் முன்பே 'சரி' என்று எழுதிவிடுவார்.

நிபுணர் எல்லோருக்கும் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஆளுக்கொரு விசில் கொடுத்தார். சம்பவம் நடந்தால் ஊத வேண்டும். 'அமைதி காக்கவும்' என்று சுவருக்குச் சுவர் எழுதிய கட்டடத்தில் பதினோரு விசில் தொங்கியது. அடுத்து சிவப்பு அட்டைகள் வந்தன. அரை மணி நேரம் பக்கம் புரட்டாமல் இருக்கிறவர் ஆபத்தானவர், ஒரு அட்டை. மூன்று அட்டை சேர்ந்தால் நிரந்தரத் தடை.

"படிக்கிறவன் பக்கம் புரட்டுவான் அண்ணி. புரட்டாதவன் யோசிக்கிறான்னு அர்த்தம். யோசிக்கிறவன் என்ன பண்ணுவான்னு சொல்ல முடியாது."

"உங்களைப் பத்தி ஒரு பயமும் இல்லை மாப்ள" என்றாள் முத்திரையம்மா.

நிபுணர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு லிஃப்ட்காரருக்கு முதல் அட்டை விழுந்தது. எதிர் நாற்காலியில் உட்காரும் மனுக்காரம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுச் சுவர் தன் நிலத்தில் ஒரு சாண் உள்ளே வந்துவிட்டது என்று பத்தொன்பது வருடமாக வழக்காடுகிறவள்; சட்டப் புத்தகங்களைப் பார்த்து மனு எழுத நூலகத்துக்கு வருகிறவள். சுவரே அலுத்துப்போய்ப் பின்வாங்கிவிட்டது, அவள் வாங்கவில்லை. அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். கால் மணிக்கொருமுறை எட்டி, தூங்குகிறவரின் மடியிலிருந்த புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் புரட்டிவிட்டாள். நல்ல எண்ணம்தான். ஆனால் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து புரட்டியதால் அவருக்குப் பக்கங்கள் பின்னோக்கிப் போயின. புதன்கிழமை நிபுணர் இதைக் கவனித்தார். புத்தகத்தைக் கடைசியிலிருந்து முதலுக்குப் படிக்கிறவன் ஏதோ சதித் திட்டம் வைத்திருக்கிறான் என்று எழுதி இரண்டாவது அட்டையைக் கொடுத்தார்.

"வெள்ளிக்கிழமை மூணாவது" என்றார், தங்கை போட்டுக் கொடுத்த காப்பியை ஃப்ளாஸ்கிலிருந்து ஊற்றிக்கொண்டே. "அதோட வாசல்தான்."

லிஃப்ட்காரர் இரண்டு அட்டைகளையும் கோட்டுப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். மேசைக்கு வந்து, "அம்மா, மூணாவது வந்துட்டா பார்க்குல உட்காரலாம், பரவாயில்லை. மழை நாள்லதான்..." என்று இழுத்தார்.

"உங்க மருமக இங்க வந்து கேட்டா நான் என்ன சொல்றது? டியூட்டியில பார்க்குக்கு மாத்திட்டாங்கன்னா?"

கிழவர் நிமிர்ந்தார். அவள் அறிந்திருக்கிறாள் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. காது மடல் சிவந்தது. போய் உட்கார்ந்தார், அன்று தூங்கவில்லை.

முத்திரையம்மா இழுப்பறையைத் திறந்தாள். அதற்குள் பென்சில் துண்டுகளுக்கும் ரப்பர் வளையங்களுக்கும் நடுவில் ஒரு வட்டமான பித்தளைத் தகடு கிடந்தது. எண் 114.

இதற்கு ஒரு சிறு விளக்கம் வேண்டும். அந்த நூலகத்தில் புத்தகத்துக்கு மட்டுமல்ல, மேசை, நாற்காலி, வாளி, துடைப்பம் எல்லாவற்றுக்கும் எண் உண்டு, இருப்புப் பதிவேட்டில் வரி உண்டு. எண் இருந்தால் பொருள் இருக்கிறது. எண் இல்லாவிட்டால் அது மேலே விழுந்தாலும் இல்லை. பதிவேட்டில் உள்ள எதுவும் வாசலைத் தாண்ட வேண்டுமென்றால் மூன்று பேர் கொண்ட கழித்தல் குழு கூடிக் கையெழுத்திட வேண்டும். முன்னொரு காலத்தில் ஒரு பூனை ஈர முத்திரைகளின்மேல் படுத்துத் தூங்கி, வயிற்றில் 2207 என்ற எண்ணோடு எழுந்தது. அந்த வருடச் சாமான் கணக்கெடுப்பான இருப்பெடுப்பில் அது பதிவாகிவிட்டது. ஆறு வருடம் அது மதில்மேல் உலாத்தும்போதெல்லாம் கீழே ஒரு ஊழியர் பதிவேட்டோடு கூடவே நடந்தார். செத்தபோது குழு கூடி, மூன்று நாள் விவாதித்து, 'பழுது பார்க்க இயலாது' என்று எழுதிக் கழித்தது. அந்த உழைப்பில் களைத்த குழு பிறகு கூடவே இல்லை. ஒருவர் ஓய்வு பெற்றார், ஒருவர் மாற்றலாகிப் போனார், மூன்றாமவரைக் காணவில்லை. அவருக்கு எண் இல்லாததால் தேடவும் முடியவில்லை. பதினோரு வருடமாக எதையும் கழிக்க ஆளில்லாமல், சாமான் அறை உடைந்த நாற்காலிகளாலும் மூன்று கால் மேசைகளாலும் பிதுங்கிக்கொண்டிருந்தது.

114ஆம் எண் நாற்காலி மட்டும் அங்கேயும் இல்லை. போன வருடம் உடல் இளைக்கும் வழி படித்துக்கொண்டிருந்த ஒரு வாசகருக்கு அடியில் அது தூள்தூளாகிப்போனது. பெருக்கித்தான் அள்ள முடிந்தது. மிஞ்சியது தகடு.

வியாழக்கிழமை இருப்பெடுப்பு. தலைமை அலுவலகத்திலிருந்து சரிபார்ப்பாளர் வந்தார். பதினாறு வருடமாக வருகிறவர். அவர் முகத்தை இதுவரை யாரும் பார்த்ததில்லை, அவரும் யார் முகத்தையும் பார்த்ததில்லை. குனிந்தே நுழைவார், எண்களைப் படித்துக்கொண்டே போவார், குனிந்தே வெளியேறுவார்.

அவர் முதல் மாடியில் இருந்தபோது முத்திரையம்மா ஊசி நூலோடு ஜன்னலோரம் போனாள். லிஃப்ட்காரர் முந்தைய நாள் தூங்காததற்கும் சேர்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். கோட்டில் மேலிருந்து நான்காவது பொத்தான் எப்போதோ விழுந்திருந்தது. தகட்டில் ஓட்டை இரண்டு இருந்தது. மனுக்காரம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்னக்கா பண்றீங்க?"

"பொத்தான் தைக்கிறேன். பார்த்தா தெரியலை?"

"தெரியுது. நான் ஒண்ணும் பார்க்கலை."

நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு முத்திரையம்மா மேசைக்குத் திரும்பினாள். கால் மணி கழித்துச் சரிபார்ப்பாளர் வந்தார். ஜன்னலோரம் நின்றார். தகட்டைப் படித்தார். பென்சில் முனையால் தோளில் இரண்டு தட்டுத் தட்டினார். லிஃப்ட்காரர் இருமினார். சரிபார்ப்பாளர் எழுதினார்:

'எண் 114. நாற்காலி, கை வைத்தது. உள்ளது. கால்கள் நான்கில் இரண்டு குறைவு. மேலுறை நைந்துள்ளது. தட்டினால் சத்தம் வருகிறது. பயன்பாட்டுக்கு உகந்தது. குறிப்பு: 115இன் மேல் 114 வைக்கப்பட்டுள்ளது, பிரித்து வைக்கவும்.'

மாலையில் பதிவேட்டில் தலைமை அலுவலக முத்திரை விழுந்தது.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு நிபுணர் மூன்றாவது அட்டையோடு வந்தார். அட்டையைக் கிழவரின் மடியில் வைத்து, தோளைப் பிடித்து எழுப்பினார்.

"பெரியவரே, கிளம்புங்க. இனிமே இந்தப் பக்கம் வரக்கூடாது."

லிஃப்ட்காரர் எழுந்து கோட்டைச் சரிசெய்தார். "மன்னிச்சிருங்க" என்றார், யாரிடம் என்று தெரியாமல்.

"தாராளமா கூட்டிட்டுப் போங்க மாப்ள" என்று மேசையிலிருந்தே சொன்னாள் முத்திரையம்மா. "கழித்தல் குழு கையெழுத்து போட்ட சீட்டை மட்டும் கொடுத்துட்டுப் போங்க."

"என்ன சீட்டு?"

"நூலகச் சொத்து வெளிய போகுதுல்ல? நூத்திப் பதினாலு. நேத்துதான் சரிபார்த்துட்டுப் போனாங்க."

தலைமை நூலகர் தன் அறையிலிருந்து வந்தார். பதிவேட்டைப் புரட்டினார். வரியைப் படித்தார். தகட்டைப் பார்த்தார். மறுபடி வரியைப் படித்தார். முகம் வெளுத்து, பிறகு சிவந்து, அதன்பிறகு ஒரு காரியம் நடந்தது. பார்த்தவர்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். அந்த மனிதர் ஓடிப்போய் வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"போகக்கூடாது!"

"சார், இவரு மனுஷன்" என்றார் நிபுணர்.

"அதை எழுத்துல தர முடியுமா?"

"எதை?"

"இது நாற்காலி இல்லை, மனுஷன்னு. தலைமை அலுவலகம் முத்திரை வெச்சது தப்புன்னு. உங்க கையெழுத்தோட."

நிபுணர் பேனாவை எடுத்தார். தன் சம்பளம் வருவதும் அதே தலைமை அலுவலகத்திலிருந்துதான் என்பது நினைவுக்கு வந்தது. பேனாவைத் திரும்பச் சட்டைப் பையில் செருகினார்.

"எனக்கு ரெண்டு வருஷம் இருக்கு" என்றார் தலைமை நூலகர். "போன வருஷமே இந்த நாற்காலி கணக்குல இடிச்சுது. இப்பதான் கிடைச்சிருக்கு. இது அசையக்கூடாது. அய்யா, நீங்க போய் உட்காருங்க. ஜன்னல் பக்கமே உட்காருங்க. வெயில் படுதா? திரையை இழுத்துவிடவா?"

லிஃப்ட்காரர் போய் உட்கார்ந்தார்.

பயந்தாங்கொள்ளியின் பக்தியைப்போல உலகத்தில் வேறு பக்தி கிடையாது. நிபுணர் எந்த நேரத்திலும் 114ஐக் கடத்திவிடுவார் என்று தலைமை நூலகருக்குக் கிலி பிடித்தது. தினமும் காலை ஒன்பதே காலுக்கு இருப்புச் சரிபார்க்க வேண்டும் என்று உத்தரவிட்டார். முத்திரையம்மா பதிவேட்டோடு சுற்றி வந்து '114 உள்ளது' என்று குறித்தாள். மனுக்காரம்மா தனக்கும் ஒரு எண் வேண்டும் என்று மனு கொடுத்தாள். எப்போதோ தொலைந்த படிப்பலகை 31 அவளுக்குப் போனது. உயரமாக, ஒல்லியாக, பரீட்சைக்குப் படிக்க வரும் ஒருவன் காணாமல்போன ஏணியின் 12ஆம் எண்ணை வாங்கிக்கொண்டான். ஒரு மாதத்தில் நூலகம் நாற்பது வருடமாகத் தொலைத்த சாமான்களெல்லாம் தாமாக நடந்து வந்து சேர்ந்தன. எல்லாவற்றையும் காலையில் பார்த்து, நிலை எழுத வேண்டும். '31: கண் வீங்கியுள்ளது, ராத்திரி அழுதிருக்கலாம்.' '12: காலை உணவு உட்கொள்ளவில்லை.' சொத்து பழுதாகக்கூடாதே என்று தலைமை நூலகர் பன் வாங்கி வைத்தார்.

தங்கை மட்டும் போனில் பெருமையடித்தாள். "அக்கா, இவர் இல்லைன்னா உங்க லைப்ரரியில ஒருத்தரை ஒருத்தர் வெட்டிக்கிட்டுச் செத்திருப்பீங்களாமே?"

"ஆமாடி. அரிவாளெல்லாம் தயாரா வெச்சிருந்தோம்."

ஆனால் நிபுணருக்குத் தூக்கம் இல்லை. இரண்டு மாதமாகச் சம்பவப் புத்தகம் வெறுமையாகக் கிடந்தது. சம்பவம் இல்லாத இடத்தில் நிபுணருக்கு என்ன வேலை? ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்து, யாராவது யாரையாவது முறைக்கிறார்களா என்று தேடினார். வாசகர்கள் அவருக்கும் பன் கொடுத்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு 115இன் மேல் 114 இல்லை.

முத்திரையம்மா பத்து நிமிடம் பார்த்தாள். கழிவறையில் பார்க்கச் சொன்னாள். பிறகு பேனாவை மூடினாள். "சார், நூத்திப் பதினாலைக் காணோம்."

தலைமை நூலகர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். நிபுணரோ மலர்ந்தார். "காணோமா? சம்பவம்!" என்று சம்பவப் புத்தகத்தைத் திறந்து, முதல் பக்கத்தில் தலைப்பை எழுதி அடிக்கோடிட உட்கார்ந்தார். எங்கே போயிருப்பார் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

மற்றவர்கள் கிளம்பினார்கள். முத்திரையம்மா முன்னால், பின்னால் மனுக்காரம்மா, ஏணிக்காரன், கடைசியில் தலைமை நூலகர், பதிவேட்டை மார்போடு அணைத்தபடி, கழுத்தில் விசிலோடு. வேலை நேரத்தில் அவர் தெருவைப் பார்த்துப் பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. "இவ்வளவு வண்டியா?" என்றார்.

மூன்று தெரு தள்ளி, லிஃப்ட்காரர் குடியிருக்கும் அந்த ஐந்து மாடிக் கட்டடம். கீழே லிஃப்ட் பொத்தான் செத்துக் கிடந்தது. படி ஏறினார்கள். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில், கம்பிக் கதவுக்குப் பின்னால், லிஃப்ட் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இருட்டு. இருட்டிலிருந்து ஒரு சன்னக் குரல் வந்தது.

"மேல போறீங்களா, கீழயா?"

முத்திரையம்மா கம்பியில் முகத்தை வைத்தாள். கிழவர் மூலையில் குந்தியிருந்தார். உதடு காய்ந்திருந்தது. கை தானாக நடுங்கியது.

"எத்தனை மணியில இருந்து?"

"எட்டரை இருக்கும்மா. நின்னுபோச்சு. காத்துதான் கொஞ்சம் போதலை."

"ஒரு மணி நேரம் ஆச்சு! வாயில என்ன, கொழுக்கட்டையா? கத்தினா யாராவது வந்திருக்க மாட்டாங்க?"

கிழவர் மேலே கையைக் காட்டினார். லிஃப்டுக்கு நேர் மேலே, நான்காம் மாடியில், அவர் வீட்டுக் கதவு. "மருமக இப்பதான் படுத்துச்சு" என்றார். "நாப்பது வருஷம் லிஃப்ட் ஓட்டினவன், உள்ள மாட்டிக்கிட்டேன்னு கத்தறதும் நல்லா இருக்காது. நீங்க ஒன்பதே காலுக்கு எண்ணுவீங்கல்ல, அதான் உட்கார்ந்திருந்தேன்."

முத்திரையம்மா எதையாவது திட்டலாம் என்று தேடினாள், கிடைக்கவில்லை. அதற்குள் பின்னால் தலைமை நூலகர் மூச்சை இழுத்து விசிலை வாயில் வைத்துவிட்டார். அவள் திரும்பாமலே கையை நீட்டி அதைப் பிடுங்கினாள். கயிறு அறுந்தது.

"அமைதி காக்கவும்னு நீங்கதான எழுதிப் போட்டீங்க?" என்றாள் கிசுகிசுப்பாக.

அதன்பிறகு நடந்ததை வேறு எந்தக் கூட்டத்தாலும் செய்திருக்க முடியாது. தீயணைப்பு வண்டி வந்திருந்தால் தெருவே எழுந்திருக்கும். இவர்கள் நூலகத்து ஆட்கள். இருமலை விழுங்கவும், நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கி வைக்கவும், நுனிக்காலில் நடக்கவும் வருடக்கணக்கில் பழகியவர்கள். செருப்பைக் கழற்றிப் படியோரம் வரிசையாக வைத்தார்கள். லிஃப்ட்காரர் கிசுகிசுப்பாகச் சொல்லிக்கொடுத்தார்: மொட்டைமாடி மோட்டார் அறை, முதலில் மெயின் சுவிட்சை அணைக்கணும், பிறகு பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால், மெதுவா, இடப்பக்கமா. மனுக்காரம்மா நடுப்படியில் நின்று ஒவ்வொரு சொல்லையும் மனுவின் பின்பக்கத்தில் எழுதி முத்திரையம்மாவிடம் கொடுத்து மேலே அனுப்பினாள். ஏணிக்காரன் சக்கரத்தைச் சுற்றினான். தலைமை நூலகர் பிரேக்கைப் பிடித்தார்; விட்டால் சொத்து விழுந்துவிடும் என்ற நினைப்பில் இரும்பைப் பிடித்த பிடி, அவர் உள்ளங்கையில் இன்றும் தெரியும் என்கிறார்கள். ஒரு எறும்பு இறங்கும் வேகத்தில் லிஃப்ட் மூன்றாம் மாடிக்கு இறங்கியது. கதவு திறந்தது. நான்காம் மாடிக் கதவுக்குப் பின்னால் மருமகள் புரண்டுகூடப் படுக்கவில்லை.

கிழவர் படியில் உட்கார்ந்து ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். தலைமை நூலகர் பதிவேட்டைத் திறந்து, கை ஆடிக்கொண்டே எழுதினார்: '114. கிடைத்தது. லேசாக நடுங்குகிறது.' எதைப் பற்றி எழுதினார், நாற்காலியைப் பற்றியா தன்னைப் பற்றியா என்று சொல்வதற்கில்லை.

"லேட் ஆயிருச்சு" என்றார் லிஃப்ட்காரர் எழுந்துகொண்டே. "டியூட்டிக்குப் போகலாம்."

நூலகத்தில் நிபுணர் பதினொன்றாம் பக்கத்தில் இருந்தார். அவர்கள் உள்ளே வந்ததை அவர் பார்க்கவில்லை.

நிபுணரின் அறிக்கை மேலே போனது. நிர்வாகக் குழு அதில் கடைசிப் பத்தியை மட்டும் படித்தது. அந்தப் பத்தி தலைமை நூலகர் இணைத்த ஒரு வரி. காணாமல்போன சொத்து ஐம்பது நிமிடத்தில் மீட்கப்பட்டது, யாருக்கும் காயமில்லை. குழு மகிழ்ந்தது. பாதுகாப்பு முழுமையடைந்துவிட்டது என்று தீர்மானித்தது. நிபுணர் வரைந்த வட்டத்தைச் சட்டம்போட்டு வாசலில் மாட்டச் சொன்னது. பாதுகாப்பு முழுமையடைந்துவிட்டதால் நிபுணர் இனித் தேவையில்லை என்று நன்றிக் கடிதம் அனுப்பியது.

அடுத்த திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு நிபுணர் வழக்கம்போல வந்தார். ஃப்ளாஸ்க் இருந்தது. விசில் இல்லை. யாரையும் பார்க்காமல் செய்தித்தாள் அறைக்குப் போய், ஜன்னலோரம் உட்கார்ந்தார். பின்னாலேயே வந்த லிஃப்ட்காரர் பக்கத்தில் நின்றார்.

முத்திரையம்மா வந்தாள். "மாப்ள, அது நூத்திப் பதினாலோட இடம்."

நிபுணர் எழுந்து, கதவோரம் மூலை நாற்காலிக்குப் போனார். ஒரு புத்தகத்தை மடியில் விரித்தார். "அண்ணி" என்றார், புத்தகத்தைப் பார்த்தபடியே. "அவகிட்ட..."

மேசையில் போன் அடித்தது. தங்கைதான்.

"அக்கா, அவர் போனை எடுக்கவே மாட்டேங்கிறாரு. ரொம்ப வேலையா?"

முத்திரையம்மா திரும்பிப் பார்த்தாள். மாப்பிள்ளையின் வாய் லேசாகத் திறந்திருந்தது, தூக்கம் வந்துவிட்டது.

"ஆமாடி. கதவு பக்கம் டியூட்டி. ஆடாம அசையாம பார்த்துக்கிட்டு இருக்காரு."

போனை வைத்துவிட்டு இழுப்பறையைத் திறந்தாள். கிளறினாள். ஊசி நூலை எடுத்துக்கொண்டு போய், சட்டையின் மேல் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு தகட்டைத் தைத்தாள். நூலைக் கடித்து அறுத்தாள். பிறகு பதிவேட்டில், ஒன்பதே காலுக்கு, எழுதினாள்: '58. தீயணைப்பான். உள்ளது. காலி.'

அரை மணி நேரம் ஆனது. எதிரே இருந்த மனுக்காரம்மா பேனாவை வைத்துவிட்டு எட்டினாள். நிபுணரின் மடியில் ஒரு பக்கத்தைப் புரட்டிவிட்டாள். இந்தத் தடவை கவனமாக, முன்னோக்கி.